‘படித்துவிட்டேன்’ பொத்தான்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, சிஸ்டர் மறுபடி அதே கட்டடத்துக்கே வேலைக்குப் போனார். மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு இடம் மாறிவிட்டது. பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அவர் முப்பது வருடம் நடந்து தேய்த்த பெண்கள் வார்டைப் பலகைகளால் தடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் கட்டில் கிடந்த இடத்தில் அவருடைய மேசை. ஏழாம் நம்பர் இருந்த இடத்தில் டீ போடும் இயந்திரம். யாராவது கப்பை எடுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தபடி அந்தப் பக்கம் போனால், “மெதுவா போங்க, ஆபரேஷன் ஆன அம்மா இப்பதான் கண்ணு மூடியிருக்காங்க” என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்துவிடும்.

வேலை இதுதான். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்காக மருத்துவமனை ஒரு ஆப் தயாரித்துக்கொண்டிருந்தது. எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், எதைச் சாப்பிடலாம், எப்போது டாக்டரிடம் ஓடி வர வேண்டும் என்பதெல்லாம் போனிலேயே வரும். ஒரே செய்தி மூன்று விதமாக வரும் என்பதுதான் அதில் புதுமை. நிறையப் படித்துத் தெரிந்தவர்களுக்கு மூன்றாம் படி. அதில் எண்களும் காரணங்களும் விவரமாக இருக்கும். நடுத்தரமாகத் தெரிந்தவர்களுக்கு இரண்டாம் படி. கஷ்டப்படுகிறவர்களுக்கு முதல் படி, அதாவது ஒரு படமும் ஒரு சின்ன வாக்கியமும். டாக்டர்கள் எழுதித் தருவதைக் கீழ்ப் படிகளுக்கு இறக்கித் தருவதுதான் சிஸ்டரின் பொறுப்பு.

அதில் அவர் கெட்டிக்காரர். “நாளொன்றுக்கு உப்பு உட்கொள்ளலை ஐந்து கிராமுக்குள் கட்டுப்படுத்தவும்” என்று டாக்டர் எழுதியிருந்ததை, “ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு சின்னக் கரண்டி உப்பு. சமையலில் போட்டதும் அந்தக் கணக்கில்தான்” என்று மாற்றினார். “வயித்துக்குப் பதிலா மூளைக்கு மருந்து எழுதுறாங்க இந்த டாக்டருங்க” என்று அவர் சொன்னது அலுவலகத்தில் ஒரு வாரம் ஓடியது.

யாருக்கு எந்தப் படி என்பதை ஆப்பே முடிவு செய்யும். முதல் முறை திறக்கும்போது அது மூன்று கேள்வி கேட்கும். முதல் கேள்வி, “மருத்துவமனையில் தரும் தாள்களைப் படிக்க உங்களுக்கு இன்னொருவர் உதவி தேவைப்படுமா?” எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று பதில்கள். மற்ற இரண்டும் அதே ரகம். கேள்விகளைத் தேர்ந்தெடுத்தவர் ஆப்பின் பொறுப்பாளர். நாற்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், சதவீதம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார்.

சோதனைக்கு நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். “தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க” என்றார் பொறுப்பாளர். சிஸ்டருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாவிக்காதான்.

சாவிக்கா அந்த வார்டின் ஆயா. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். துணி அறை, குளியலறை, பின் மாடிப்படி, பழைய எக்ஸ்ரே படங்கள் கிடக்கும் அலமாரி எல்லாவற்றுக்கும் அதில் சாவி உண்டு. அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். பொய்யாகத் தூங்குகிறவர்கள் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளத் தாளில் பார்த்தால்தான் சிஸ்டருக்கே ஞாபகம் வரும். சிஸ்டரைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் ‘அக்கா’. அவரோ சிஸ்டரை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவார். “நீங்க அவங்கள அக்காங்கறீங்க, அவங்க உங்கள சிஸ்டருங்கறாங்க. அப்ப யாருதான் மூத்தது?” என்று மூன்றாம் நம்பர் கட்டில் பாட்டி ஒருத்தி கேட்டு, வார்டே சிரித்திருக்கிறது.

இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தார்கள். காலை ஆறு மணிக்கு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கிருமிநாசினி வாசனை மூக்கில் ஏற, ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும் தள்ளுவண்டியோடு இருவரும் கட்டில் கட்டிலாகப் போவார்கள். சிஸ்டர் காய்ச்சல் பார்ப்பார், சாவிக்கா போர்வை மாற்றுவார். ஒரு கை நோயாளியின் முதுகுக்கடியில், ஒரு கை தோளுக்கடியில் வைத்து, “ஒண்ணு, ரெண்டு” என்று சிஸ்டர் சொல்ல, ‘மூணு’ சொல்வதற்குள் சாவிக்கா புரட்டி முடித்திருப்பார். இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படாது. வீட்டில் கணவரோடுகூட அப்படி ஒரு ஒத்திசைவு தனக்கு வாய்க்கவில்லை என்று சிஸ்டர் சில நேரம் நினைத்துக்கொள்வார்.

சாவிக்கா ஓய்வு பெற்று இப்போது நாலு வருடம். கணவர் போய்விட்டார். பேக்கரியில் வேலை பார்க்கும் மகளோடு, ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்று சிஸ்டருக்குத் தெரியும். ஒரு மத்தியானம் பிஸ்கட் பொட்டலத்தோடு போனார். ஒரு மணி நேரம் பழைய கதை பேசிவிட்டுத்தான் போனைக் கையில் வாங்கினார்.

“மூணு கேள்வி கேக்கும் சாவிக்கா. பதில் சொல்லிட்டா முடிஞ்சது.”

“நீங்களே போடுங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?”

சிஸ்டர் கேள்வியைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஆஸ்பத்திரித் தாளைப் படிக்க உதவி வேணுமாம்! உன்கிட்டப் போய்க் கேக்குது பாரு. இருபத்தெட்டு வருஷம் அந்தத் தாளைத் தூக்கிட்டு நடந்தவகிட்ட!”

சாவிக்காவும் சிரித்தார். சிஸ்டர் மூன்று கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று தட்டினார். ஆப் மூன்றாம் படி என்றது. “பாத்தியா, நீ டாக்டருங்க லெவல்!” என்றார் சிஸ்டர். தன் வார்டுக்கே மார்க் கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. போகும்போது ஒரே ஒரு விஷயம் காட்டிக் கொடுத்தார். “தினம் காலையில செய்தி வரும். படிச்சு முடிச்சதும் கீழே பச்சையா ஒரு பொத்தான் இருக்கும். ‘படித்துவிட்டேன்’னு. அதை அமுக்கிடு. மறந்துடாதே.”

“பச்சை. அமுக்கிடறேன்” என்றார் சாவிக்கா.

மூன்று வாரம் போனது. பொறுப்பாளர் ஒரு காலை முகமெல்லாம் மலர்ச்சியாக ஒன்பதாம் நம்பருக்கு வந்தார். நாற்பது பேரில் ஒரே ஒருவர்தான் ஒரு நாள் தவறாமல், செய்தி வந்த பத்து நிமிடத்துக்குள் படித்து முடிக்கிறார். நூறு சதவீதம். “உங்க ஃப்ரெண்டுதான் சிஸ்டர். நம்பர் ஒன்!”

சிஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. சாவிக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார். எடுத்தது மகள்.

“அத்தை, நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேன். அம்மா நேத்து படியில விழுந்துட்டாங்க. மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நாலு நாளா தலை சுத்துது, தலை சுத்துதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

சிஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இடது கையில் வெள்ளைக் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் சாவிக்கா. மகள் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சிஸ்டர் பழக்கத்தில் முதலில் நாடி பார்த்தார். பிறகு தான் கொண்டுபோன கருவியால் ரத்த அழுத்தம் பார்த்தார். ரொம்பக் கீழே இருந்தது. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். நேற்றுக் காலை வரை, ஒரு நாளைக்கு ஒன்று என்று முழு மாத்திரையாகவே கிழிக்கப்பட்டிருந்தது.

“சாவிக்கா, இவ்வளவு கீழே இருந்தா, அரை மாத்திரையா குறைக்கச் சொல்லிச் செய்தி வந்திருக்கணுமே? டாக்டர் சொல்லலியா?”

“டாக்டரம்மா ஓட்டத்துல இருந்தாங்க. ‘ஆப்ல வரும், பாத்துக்கங்க’ன்னாங்க.”

சிஸ்டர் போனைத் திறந்தார். செய்தி இருந்தது. “உங்கள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு தொடர்ந்து நூற்றுப் பத்துக்குக் கீழ் பதிவாகியிருப்பதால், இன்று முதல் மருந்தின் அளவு பாதியாகக் குறைக்கப்படுகிறது” என்று ஆரம்பித்து ஏழு வரி. அடியில் பச்சைப் பொத்தான். அமுக்கப்பட்டிருந்தது, காலை ஏழு மணி நாலு நிமிடத்துக்கு.

“வந்திருக்கு. படிச்சேன்னு அமுக்கியிருக்கியே! அப்புறமும் ஏன் முழுசா போட்டே?”

“கண்ணாடி இல்லாம… சரியா கவனிக்கல சிஸ்டர்” என்றார் சாவிக்கா.

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

சிஸ்டர் அதைப் பார்த்தார். சிஸ்டர் பார்ப்பதைச் சாவிக்காவும் பார்த்தார். கையை மெல்ல உயர்த்திக் கண்ணாடியைத் தொட்டார், அது அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் போல. தெருவில் ஒரு லாரி பின்பக்கமாகப் போகும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றது.

“எத்தனை வருஷமா?” என்றார் சிஸ்டர்.

“எத்தனை வருஷமான்னா? எப்பவுமேதான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனுஷி இருபத்தெட்டு வருடம், ஒரு வார்டு நிறைய ஆட்களுக்கு நடுவில் மறைத்திருக்கிறார். சிஸ்டருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “என்கிட்டக்கூடவா?” என்றார்.

“உங்ககிட்டதான் முக்கியமா” என்றார் சாவிக்கா. “வேலைக்குச் சேர்றப்ப, ஆள் தூக்கத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. எழுத்து தெரியுமான்னு யாரும் கேக்கல. முத நாளே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு வருஷம் ஓடினப்புறம் எப்படிச் சொல்றது? பத்து வருஷம் ஆனப்புறம்? நீங்க என்னை நம்பி எல்லாத்தையும் குடுத்தீங்க. அந்த நம்பிக்கைக்கு முன்னாடி வாய் வரல.”

“அப்ப ஃபைலெல்லாம் எப்படி?”

சாவிக்காவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. யாரிடமும் இதுவரை காட்ட முடியாத ஒரு திறமையைக் காட்டக் கிடைத்த சந்தோஷம் அது. எண்கள் அவருக்குத் தெரியும். கட்டில் நம்பர், அறை நம்பர், மணி எல்லாம் பிசகாது. ஃபைலை அட்டையின் நிறத்தில் அடையாளம் வைப்பார், மூலை மடிப்பில் வைப்பார், எதுவும் இல்லையென்றால் தானே ஒரு டீக் கறை போட்டுவிடுவார். ரத்தப் பரிசோதனைத் தாள் குறுகல், எக்ஸ்ரே தாள் அகலம். புதிதாக எந்தத் தாள் வந்தாலும், “சிஸ்டர், கை ஈரமா இருக்கு, என்ன போட்டிருக்குன்னு பாருங்க” என்பார்.

“அடிப் பாவி! உன் கை எப்பவும் ஈரமா இருக்கேன்னு நான் கையுறை வாங்கிக் குடுத்தேனே!”

“ஆமா. அதைப் போட்டுட்டு, கையுறையில தாளைத் தொடக் கூடாதேன்னு சொன்னேன்.”

சிஸ்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்தார்கள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சாவிக்கா சிரித்தார். “கையெழுத்து?” என்று சிஸ்டர் கேட்டதற்கு, “அது எழுத்தில்ல சிஸ்டர், படம். அவர் வரைஞ்சு காட்டினாரு, நான் பாத்துப் பாத்து வரைவேன்” என்றார். கணவருக்கு மட்டும்தான் தெரியும். மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தோடு வந்தால், “நீ சத்தமா படி, நான் கேக்கறேன்” என்று பத்தாம் வகுப்பு வரை ஓட்டியாகிவிட்டது. அவளைப் பொறுத்தவரை அம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. ஆபீஸ்லயும் வேணாம்.”

“சொல்ல மாட்டேன்” என்றார் சிஸ்டர்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சிரிப்பு அடங்கி மற்றது வந்தது. அந்த வார்டில் நடந்த ஒவ்வொன்றையும் அவர் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த ஞாபகங்கள்தான். எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் உள்ளே வேறு ஆள் இருந்தாள்.

அதில் ஒன்று பால் விஷயம். பன்னிரண்டாம் நம்பரில் ஒரு பெண்ணுக்குக் காலையில் ஆபரேஷன். கட்டில் தலைமாட்டில், “வாயால் எதுவும் தரக் கூடாது” என்று பலகை தொங்கியது. அந்தப் பெண் தொண்டை காய்கிறது என்று கெஞ்ச, சாவிக்கா ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. பெரிய டாக்டர் சிஸ்டரைக் கிழித்துத் தொங்கவிட்டார். சிஸ்டர் நேராக வந்து, இருபது கட்டில் பார்த்துக்கொண்டிருக்க, வார்டின் நடுவில் நின்று கத்தினார். “அவ்வளவு பெரிசா எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு? எழுத்துன்னா என்னன்னு தெரியாதா?”

“கவனிக்கல சிஸ்டர். தப்புதான்” என்று தலையைக் குனிந்துகொண்டார் சாவிக்கா.

மறுநாளிலிருந்து, ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் கட்டில் காலில் சாவிக்கா ஒரு சிவப்புத் துணி கட்ட ஆரம்பித்தார். தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, நல்ல யோசனை என்று எல்லா வார்டுக்கும் உத்தரவு போட்டார். பாராட்டு சிஸ்டருக்குத்தான் வந்தது. திட்டு வாங்கியதும் ஆள் எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள் என்று சிஸ்டர் அப்போது நினைத்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பஸ் இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

அன்று வீட்டில் கணவர், “என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்று கேட்டதற்கு, “பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பொறுப்பாளர் முன்னால் போய் உட்கார்ந்தார். “சார், அந்த மூணு கேள்வியையும் எடுத்துடணும்.”

“ஏன் சிஸ்டர்? எல்லாரும் பயன்படுத்துற கேள்விதானே? அதுல கிடைச்ச உங்க ஃப்ரெண்டு…”

“என் ஃப்ரெண்டுக்குப் பதில் நான்தான் போட்டேன். தப்பு என்னோடது. அவங்க விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க. பச்சைப் பொத்தானை இருபத்தொரு நாளும் அமுக்கியிருக்காங்க.”

“படிச்சிட்டு ஏன் செய்யல?”

சிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருந்தது. “புரியலன்னு ஒரு மனுஷன் ஒத்துக்க மாட்டான் சார். நீங்க சொல்லுங்க. ஒரு டாக்டர்கிட்ட, எனக்குப் புரியலன்னு கடைசியா எப்ப சொன்னீங்க?”

பொறுப்பாளர் பேனாவை உருட்டினார். “எங்க அப்பாவுக்கு இதயத்துல அடைப்புன்னு சொன்னப்ப டாக்டர் அரை மணி நேரம் விளக்கினாரு. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். வெளியே வந்து அம்மா, ‘என்னடா சொன்னாரு?’ன்னு கேட்டப்ப, ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லபடியான்னு சொல்லிட்டேன்.” பிறகு நிமிர்ந்தார். “அப்ப வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அந்தக் கேள்விக்குப் பதில் சிஸ்டருக்கு அங்கேதான், அந்த அறையிலேயே கிடைத்தது. பொறுப்பாளரின் மேசைக்குப் பின்னால் வார்டின் பழைய வாசல். வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் சிஸ்டர் கட்டிலருகில் உட்கார்ந்து மருந்துச் சீட்டை விளக்குவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு சாவிக்கா அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல் வழியாக வெளி கேட் வரை போவார். போன ஆள் வர இருபது நிமிடம் ஆகும். வம்பளக்கிறாள் என்று சிஸ்டர் கடுகடுப்பார். திரும்பி வந்து சில நாள், “சிஸ்டர், அந்த அஞ்சாம் நம்பர் அம்மா கேட்ல நிக்கறாங்க. இன்னொரு தடவை சொல்லிடுங்க” என்பார். ஏன் என்று சிஸ்டர் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை கேட் பக்கம் போனபோது, சாவிக்கா ஒரு நோயாளியிடம் கேட்பது காதில் விழுந்திருக்கிறது. “சிஸ்டர் என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் விளங்கல. நீ சொல்லேன், கேப்போம்.”

ஒன்றும் விளங்கவில்லை என்று தன்னைக் கீழே வைத்துக்கொண்டு கேட்டதால், அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“சார்,” என்றார் சிஸ்டர், “படிச்சியான்னு கேக்க வேணாம். நாளைக்குக் காலையில எத்தனை போடுவேன்னு கேப்போம். அரை மாத்திரை, ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரைன்னு மூணு படம் காட்டுவோம். சரியானதைத் தொட்டா அந்தப் படியிலேயே இருக்கட்டும். தப்பாத் தொட்டா, அதே செய்தி இன்னும் எளிசா வரட்டும். அதுவும் தப்பாச்சுன்னா, இங்கிருந்து ஒரு ஆள் போன் பண்ணிப் பேசட்டும். அப்புறம், எல்லாச் செய்திக்கும் குரல் வேணும்.”

“படிச்சவங்களுக்குக் குரல் எரிச்சலா இருக்கும் சிஸ்டர்.”

“வேணாம்னா நிறுத்திக்கட்டும். படிக்கத் தெரியாதவங்களுக்கு மட்டும்னு குடுத்தீங்கன்னா, ஒருத்தர்கூடத் தொட மாட்டாங்க.”

பொறுப்பாளர் ஒரேயடியாக ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நாற்பது பேருக்கும் போன் போட்டு, நாளைக் காலை என்ன மாத்திரை, எத்தனை என்று மட்டும் கேட்கச் சொன்னார். இரண்டு நாள் கேட்டார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கியவர்களில் ஒன்பது பேர் தவறாகச் சொன்னார்கள். அதில் மூன்று பேர் மூன்றாம் படி. ஒருவர் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். “உணவுக்கு முன்னும் பின்னும் கவனிக்க” என்று சர்க்கரை அளவு பார்க்கச் சொன்னதை, உணவுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று மாத்திரையாகவே போட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர்தான் அவரோடு பேசினார். மனுஷர் முதலில் ஆப்பைத் திட்டினார், பிறகு இலக்கணத்தைத் திட்டினார், கடைசியில், “நல்ல வேளை கேட்டீங்கம்மா” என்றார். அதற்குப் பிறகு பொறுப்பாளர் சதவீதம் எதுவும் சொல்லவில்லை.

மூன்று கேள்வியும் போய்விட்டன என்று சொல்ல முடியாது. மேலே இருந்தவர்கள் ஒரு கேள்வியையாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அது எங்கோ உள்ளே தள்ளப்பட்டு யாரும் பார்க்காத இடத்தில் கிடந்தது. படங்கள் வந்தன, குரல் வந்தது. குரலுக்கு, விளம்பரங்களில் பேசும் பெண் ஒருத்தியையே வைத்தார்கள். ஆனால் முதல் படியின் வாக்கியங்களை சிஸ்டர் இப்போது மேசையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. வாரம் இரண்டு மத்தியானம் சாவிக்காவின் வீட்டுக்குப் போய், டாக்டர் எழுதியதை வாசித்துக் காட்டுவார். சாவிக்கா கேட்டுவிட்டு, அதையே கேட்டில் நின்று சொல்வது போலச் சொல்வார். சிஸ்டர் எழுதிக்கொள்வார்.

“திடீரென எழுவதைத் தவிர்க்கவும்.”

“படுக்கையை விட்டு எந்திரிக்கறப்ப முதல்ல உக்காரு. காலைத் தொங்கப் போடு. பத்து எண்ணு. அப்புறம் எந்திரி” என்பார் சாவிக்கா. “நானும் அன்னிக்குப் படியில கால் வைக்கறதுக்கு முன்னாடி பத்து எண்ணியிருந்தா இந்தக் கை உடைஞ்சிருக்காது.”

தன் வார்த்தைகளைப் போனில் அந்தப் பெண்ணின் குரலில் முதல் தடவை கேட்டபோது அவர் முகம் சுளித்தார். “யாரு இவ, இவ்வளவு இழுக்கறா? இவ சொல்லி முடிக்கறதுக்குள்ள மாத்திரை கரைஞ்சிடும்.” மகளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவளும் காலையில் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

கட்டுப் பிரித்த வாரத்தில் ஒரு நாள் சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சாவிக்கா, நான் எழுத்து சொல்லித் தரட்டுமா? யாருக்கும் தெரியாம, நாம ரெண்டு பேர் மட்டும்.”

“அறுபத்தஞ்சுலயா? வேணாம் சிஸ்டர்” என்றார் சாவிக்கா உடனே. “கண்ணால பாத்தே பழகிட்டேன். இனிமே புதுசா ஒண்ணைப் பிடிச்சுத் தடுமாற முடியாது. ஆனா ஒரு உதவி வேணும்.”

உள்ளே போய், துணிகளுக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உறைக்குள் பெரிய வாழ்த்து அட்டை ஒன்று. அவர் ஓய்வு பெற்ற நாளில் வார்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நாலு வருடமாக அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். மகள் கேட்டபோது, படித்துவிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. பிறகு யாரிடம் போய்ப் படிக்கச் சொல்வது?

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சமையலறைப் பெண் எழுதியிருந்தாள், சாவிச் சத்தம் கேட்காமல் இனி எனக்குப் பொழுது விடியாது என்று. பெரிய டாக்டர், அவர்தான், கிழித்துத் தொங்கவிட்டவர், நான் பார்த்த ஊழியர்களில் மிகக் கவனமானவர் என்று எழுதியிருந்தார். அதைச் சாவிக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மூன்றாம் மாடி ஆயா, என்னைத் தினமும் சிரிக்க வைத்தவள் என்று எழுதி, பூ ஒன்று வரைந்திருந்தாள். அவள் இப்போது இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் அவளைப் பற்றிப் பேசினார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவள் உள்ளே இருந்தபடியே பாடிய நாளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு வலது மூலைக்கு வந்தார் சிஸ்டர். தன்னுடைய கையெழுத்து. அன்று வார்டில் ஒரே சமயத்தில் மூன்று நோயாளிகளைச் சேர்த்த நாள். யாரோ அட்டையை நீட்ட, நின்றபடியே கிறுக்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. “நல்வாழ்த்துகள். சிஸ்டர்.” அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்துக்கு.

சிஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து, படிப்பது போலவே சொன்னார். “சாவிக்கா, நீ இல்லாத வார்டுல எனக்கு வேலை ஓடாது. ஒண்ணு, ரெண்டுன்னு நான் எண்ணினா, மூணுன்னு தூக்க ஆள் இல்ல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் கத்துக்கிட்டதுல பாதி, உன்னைப் பாத்துதான்…”

சாவிக்கா குனிந்து அட்டையின் மூலையைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார்.

“சிஸ்டர், அந்த இடத்துல ரெண்டே ரெண்டு வார்த்தைதான் இருக்கு.”

சிஸ்டர் நிறுத்திவிட்டார். அவர் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

“அதனால என்ன,” என்றார் சாவிக்கா, காலை மடக்கிச் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “நிறுத்தாதீங்க. படிங்க.”